பயந்து சொன்ன தோத்திரங்கள்

1

மே மாதம் வந்துவிட்டது. இத்தாலியில், பலெர்மோவில் எங்கள் தெருமுனைக் கோயிலுக்கு முன்னால் ஞாயிறுதோறும் வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகள் நிற்கிறார்கள். புதுநன்மை, அதாவது முதல்முறை நற்கருணை, வாங்கும் காலம் இது. தாய்மார் பிள்ளைகளின் முக்காட்டைச் சரி செய்கிறார்கள், தகப்பன்மார் படம் எடுக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு மட்டும் அந்த வெள்ளையைக் கண்டால் உடனே ஊருக்குப் பேசி மழையா என்று கேட்க வேண்டும்போல் இருக்கிறது.

ஆறு வருடமாக இப்படித்தான். இலங்கையில், ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் சிரிக்கலாம். இரத்தினபுரிப் பக்கம் மே மாதத்தில் மழை பெய்யாமல் வெயிலா அடிக்கும் என்று கேட்கலாம். எனக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் ரோசி ஒரு கேள்வி கேட்டாள். அவளுக்கு இப்போது பதினைந்து வயது. பூசைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். வந்தாலும் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து, முடிவதற்கு முன்பே எழுந்து போய்விடுகிறாள். அன்று நான் சமையலறையில் நின்று வழக்கம்போல வாய்க்குள் தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். இது என் பழக்கம். அடுப்புப் பற்றினால் ஒரு தோத்திரம், புருஷன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தால் ஒரு தோத்திரம், ரோசியின் சாவி கதவில் திரும்பும் சத்தம் கேட்டால் ஒரு தோத்திரம். அவள் கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். பிறகு பாதி இத்தாலியனும் பாதி தமிழுமாகக் கேட்டாள், நன்றி சொல்கிறபோது மட்டும் ஏன் அம்மா உன் முகம் பயந்தமாதிரி ஆகிவிடுகிறது என்று.

நான் வெங்காயத்தைச் சாட்டாக வைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளுக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

2

எங்கள் தோட்டம் இரத்தினபுரி மாவட்டத்தில், கொடகவெலையிலிருந்து மேலே ஏறுகிற பாதையில் இருக்கிறது. கீழே றப்பர், மேலே தேயிலை. அப்பா பால் வெட்டினார், அம்மா கொழுந்தெடுத்தார். எனக்கும் தங்கச்சி லூர்துக்கும் ஆறு வயது வித்தியாசம். தோட்டத்தில் எங்கள் கோயில் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் இரண்டு காம்பராக்களைச் சேர்த்த அளவுதான். மாதத்தில் ஒரு தடவை டவுனிலிருந்து சாமியார் வந்து பூசை வைப்பார். மற்ற நாட்களில் வீட்டுச் செபம்தான்.

செபமாலை முடிந்ததும் அம்மா ஒவ்வொன்றாகத் தோத்திரம் சொல்ல வைப்பார். அரிசிக்கு, விறகுக்கு, அப்பாவை அட்டை கடித்தும் சீழ் வைக்காததற்கு. நான் எதையாவது விட்டுவிட்டால் எழுந்திருக்க விடமாட்டார். "கூரைக்குச் சொன்னியா?" என்று கேட்பார். சொல்லாமல் விட்டது கையைவிட்டுப் போய்விடும் என்பது அவருடைய நம்பிக்கை. இப்படி எந்தச் சாமியாரும் பிரசங்கம் வைத்து நான் கேட்டதில்லை. அம்மா இதைக் கற்றுக்கொண்ட இடம் வேறு.

தோட்ட ஆபீஸ் முற்றத்தில்தான் கற்றுக்கொண்டார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. கூரைத் தகரம் வேண்டுமென்றாலும், ஆஸ்பத்திரிக்குப் போக லொறி வேண்டுமென்றாலும், அந்த முற்றத்தில் போய்த் தோட்ட அதிகாரியான தொரை முன்னால் நிற்க வேண்டும். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். கேட்டது கிடைத்தால் "பெரிய உபகாரங்க தொரை" என்பார். கிடைக்காவிட்டாலும் அதையேதான் சொல்வார். நாளைக்கு மறுபடியும் அதே முற்றத்துக்குத்தானே வர வேண்டும். சின்ன வயதில் நானும் அவர் பக்கத்தில் நின்று முதுகை வளைத்திருக்கிறேன். பீடத்துக்கு முன்னால் முழந்தாளில் நிற்கும்போதும் எங்கள் முதுகு அதே வளைவில்தான் இருந்தது. நன்றி என்றால் எங்களுக்கு, இருப்பதைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள் என்று கேட்கிற விதம்.

ஆனால் வீட்டுக்குள்ளேயோ லயத்துக்குள்ளேயோ யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. அடுத்த வீட்டிலிருந்து கறி வந்தால் கோப்பையைக் கழுவித் திருப்பிக் கொடுப்போம், அவ்வளவுதான். கடையில் சிங்கள முதலாளியிடம் "ஸ்தூதி" என்போம். கோயிலில் கடவுளுக்கும் அதே ஸ்துதி. நம்முடைய ஆட்களுக்கென்று ஒரு சொல் இல்லை, தேவைப்படவும் இல்லை.

3

என் புருஷன் சேவியர் தொண்ணூற்றிரண்டில் இத்தாலிக்கு வந்தார். அடுத்த வருடம் என்னையும் இங்கே கூப்பிட்டுக்கொண்டார். ரோசி இங்கேதான் பிறந்தாள். அவர் அடுக்குமாடிகளில் படிக்கட்டுக் கழுவுகிறார். நான் ஒரு வயதான இத்தாலியப் பெண்மணியைப் பார்த்துக்கொள்கிறேன், சிஞோரா என்றுதான் கூப்பிடுவேன். என் பெயர் ஸ்டெல்லா. இவர்கள் மொழியில் அதற்கு நட்சத்திரம் என்று பொருள். "நட்சத்திரமே, என் செருப்பு எங்கே?" என்று சிஞோரா கேட்கும்போதெல்லாம் எனக்குள் சிரிப்பு வரும்.

இங்கே நான் முதலில் படித்த சொல் 'கிராட்சியே', நன்றி. அதற்கு மறுமொழியாக இவர்கள் 'பிரேகோ' என்பார்கள். வெகுநாளைக்குப் பிறகுதான் அந்தச் சொல்லுக்கு மன்றாடுகிறேன் என்றும் பொருள் உண்டு என்று தெரிந்துகொண்டேன். நான் சிஞோராவிடம் நன்றி சொல்ல, சிஞோரா என்னிடம் மன்றாடுகிறாராக்கும் என்று சேவியரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஒருமுறை தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வெளிநாட்டவர் வரிசையில் நின்றோம். ரோசிக்கு அப்போது எட்டு வயதிருக்கும். விடிய முன்பே போய் நின்றும் மத்தியானம்தான் யன்னலருகே போக முடிந்தது. உள்ளே இருந்த அதிகாரி தலையை நிமிர்த்துவதற்குள் நான் கிராட்சியே என்றேன். அவர் தாள்களைப் புரட்டும்போது இன்னொன்று சொன்னேன். ஒரு தாள் குறைகிறது, இன்னொரு நாள் வாருங்கள் என்று அவர் திருப்பித் தந்தபோதும் சொன்னேன். வெளியே வந்ததும் ரோசி என் கையை உதறிவிட்டாள். அந்த ஆள் நமக்கு ஒன்றுமே செய்யவில்லையே, எதற்கு நன்றி சொன்னாய் என்று இத்தாலியனில் கேட்டாள். நாளைக்கும் அவரிடம்தான் வர வேண்டும் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அது என் அப்பாவின் பதில் என்பது உறைத்தது.

4

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு மே மாதத்தில் ரோசி புதுநன்மை வாங்க இருந்தாள். நாங்கள் இங்கே வந்து பத்து வருடம் ஆனதையும் அன்றைக்கே சேர்த்து நன்றிப் பூசையாக வைத்துக்கொள்ளலாம் என்று சேவியர் சொன்னார். புரியாணிக்கு ஆட்டிறைச்சி சொல்லி வைத்தோம். வெள்ளைச் சட்டையை நானே தைத்தேன்.

முந்தைய நாள் சனிக்கிழமை மத்தியானம் சந்திராணி தொலைபேசியில் கூப்பிட்டாள். எம்பிலிப்பிட்டியக்காரி, சிங்களப் பிள்ளை, சிஞோராவின் வீட்டுக்குக் கீழ்மாடியில் வேலை செய்தாள். எங்கள் இருவருக்கும் ஒரே மாவட்டம் என்பதால் ஒட்டிக்கொண்டோம், சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம். அன்று அவள் குரல் சரியில்லை. இரத்தினபுரி மாவட்டம் முழுக்க வெள்ளமாம், பல இடங்களில் மலை சரிந்துவிட்டதாம், ஊரிலிருந்து இப்போதுதான் பேசினார்கள் என்றாள். உங்கள் தோட்டப் பக்கமும் சொல்கிறார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

லூர்து அப்போது தோட்டத்தில்தான் இருந்தாள். அப்பா அம்மா இருவரும் காலமாகிவிட்டார்கள். அவளும் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் மேல் லயத்தில், எங்கள் பழைய காம்பராவிலேயே குடியிருந்தார்கள். லயத்தில் தொலைபேசி கிடையாது. சந்தியில் ஒரு கடைக்குப் பேசி, அவர்கள் ஆளனுப்பிக் கூப்பிட்டால்தான் வருவாள். அந்தக் கடைக்கு அடித்தேன். மணியே போகவில்லை. தொலைபேசி அட்டையைச் சுரண்டி மறுபடி அடித்தேன், இன்னொரு அட்டை வாங்கிவந்து அடித்தேன். ஒவ்வொரு முறையும் அதே வெறும் இரைச்சல்தான்.

தமிழ்ப் பூசைக்கு வருகிற எல்லோருக்கும் பேசினேன். ஏறக்குறைய எல்லோரும் யாழ்ப்பாணம், மன்னார் ஆட்கள். நல்ல மனுசர்கள், உடனே செபித்தார்கள். ஒரு அக்கா மட்டும், "இரத்தினபுரியிலயும் தமிழாக்கள் இருக்கினமோ?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். இருக்கிறோம் என்றேன். சொல்லிவிட்டு, இருக்கிறார்களா என்று எனக்கே தெரியாததை நினைத்து அழுகை வந்தது.

சந்திராணிதான் வழி கண்டுபிடித்தாள். அவளுடைய தம்பி நிமல் எம்பிலிப்பிட்டியவில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தான். பாதை எவ்வளவு தூரம் விடுகிறதோ அவ்வளவு தூரம் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன் என்றாள். "பய வெண்ட எப்பா, அக்கே," என்றாள், பயப்படாதே என்று. அவள் குரலில் என்னைவிட அதிகமாகப் பயம் இருந்தது.

பூசையைத் தள்ளிப்போடலாமா என்று சேவியர் கேட்டார். நான் கூடாது என்றேன். அவர் அதை விசுவாசம் என்று நினைத்திருக்கலாம். உண்மை அதுவல்ல. கடவுளுக்கென்று சொல்லிவைத்த நன்றியை நிறுத்தினால் என்ன நடக்குமோ என்ற நடுக்கம்.

5

இங்கே புதுநன்மைப் பூசையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் ஒவ்வொருவராக ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து, தாங்கள் எதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறோம் என்று ஒரு வரி சொல்வார்கள். எதைச் சொல்வது என்று சில வாரங்களுக்கு முன்பே பிள்ளைகளே தீர்மானித்துக்கொள்வார்கள். ரோசி தன் சித்தியைத் தேர்ந்தெடுத்திருந்தாள். நேரில் பார்த்ததே இல்லை. படங்களிலும் கடைத் தொலைபேசியில் கேட்ட குரலிலும்தான் லூர்து அவளுக்குத் தெரியும். 'இலங்கையில் இருக்கும் என் சித்திக்காக உமக்கு நன்றி' என்று வீட்டுக்குள் பாடமாக்கிக்கொண்டு திரிந்தாள்.

ஞாயிறு காலையில் தலை பின்னும்போது, சித்தி உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டாள். நாங்கள் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கடவுள் பார்த்துக்கொள்வார் என்றேன். கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தாள்.

ஒரு பையன் தன் நாய்க்குட்டிக்காக நன்றி சொன்னான். ஒரு பிள்ளை காலமான தாத்தாவுக்காகச் சொன்னாள். ரோசி போனாள். "என் சித்திக்காக" என்று தொடங்கினாள். அப்படியே நின்றுவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்த சாமியார் குனிந்து எடுத்துக் கொடுக்கப் பார்த்தார். அவள் தலையை ஆட்டிவிட்டு, ஒலிவாங்கியில் ஒரே ஒரு சொல் சொன்னாள். "தோப்போ." பிறகு, என்று அர்த்தம். சொல்லிவிட்டு இறங்கி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

சுற்றியிருந்தவர்கள் அன்பாகச் சிரித்தார்கள். எந்த நேரத்தில், யாரிடம் போய் 'பிறகு' என்கிறாள் இந்தப் பிள்ளை என்று நான் பதறினேன். அவள் சொல்லாமல் விட்டதை நான் வாய்க்குள் சொன்னேன், ஒரு முறையல்ல, மூச்சு விடாமல் சொன்னேன். தெரியாத பிள்ளை, மன்னித்துக்கொள்ளுங்கள், என் தங்கச்சியை விட்டுவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தொரையின் ஜீப்புக்குப் பின்னால் ஓடிக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறவள்போல் இருந்தேன்.

பூசை முடிந்ததும் அவளைப் பீடத்தடிக்குக் கூட்டிப்போய்ச் சொல்ல வைக்கப் புறப்பட்டேன். சேவியர் குறுக்கே வந்து நின்றார்.

"விடு ஸ்டெல்லா," என்றார் மெதுவாக. "புள்ள பொய் சொல்ல மாட்டேங்குது, அவ்வளவுதான்."

புரியாணி பரிமாறினோம், கேக் வெட்டினோம். அன்று எடுத்த படங்களில் எல்லாம் நான் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

6

திங்கட்கிழமை சாயந்தரம் சந்திராணி படியேறி வீட்டுக்கே வந்தாள். தொலைபேசியில் சொல்லாமல் நேரில் வருகிறாள் என்றால் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே, "நங்கி இன்னவா, அக்கே," என்றாள். தங்கச்சி இருக்கிறாள். பாதை உடைந்த இடத்தில் நிமல் மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டுச் சேற்றில் நடந்திருக்கிறான். கீழே சிங்களக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சனங்களைத் தங்க வைத்திருந்தார்கள். பெயர் சொல்லி விசாரித்து லூர்தைக் கண்டுபிடித்து, நாலு பேரையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்பியிருக்கிறான்.

அந்த வாரக் கடைசியில் லூர்தே பேசினாள். நிமல் அவளை டவுனில் ஒரு தொலைபேசிக் கடைக்குக் கூட்டிவந்து பேச வைத்தான். குரலைக் கேட்டதும் எனக்கு வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. தோத்திரம் லூர்து, கடவுள் உங்களைக் காப்பாற்றிவிட்டார் என்று அழுதேன்.

"அப்படிச் சொல்லாதக்கா," என்றாள். "பாக்கியம் அக்கா போயிட்டாங்க. கீழ் லயத்துல பாதி இல்ல. எங்களக் காப்பாத்தினாருன்னு நான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா, பெருமாள் அண்ணன் மூஞ்சிய எப்படிப் பாக்கிறது?"

பாக்கியம் என் வயதுக்காரி. கீழ் லயத்தில் புருஷன் பெருமாள், மகள் தேவி, நடக்கமுடியாத மாமியார் ஆகியோருடன் இருந்தாள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. நாங்கள் வேதக்காரர்கள், அவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அது ஒருநாளும் எங்களுக்கு இடையில் வந்ததில்லை.

என்ன நடந்தது என்று லூர்து சொன்னாள். சனிக்கிழமை காலையில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியிருக்கிறது. மலையில் வேலை இல்லை. லூர்து வீட்டுக் கூரை ஒழுகியதால், அவளுடைய சின்னவனை நனையாமல் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று பாக்கியம் தூக்கிப்போயிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் ஓடைப் பக்கம் கல் உருளும் சத்தம் கேட்டிருக்கிறது. பாக்கியம் சின்னவனைக் கம்பளியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, தேவியை மற்றக் கையில் பிடித்துக்கொண்டு மேல் லயத்துக்கு ஓடிவந்திருக்கிறாள். இரண்டு பேரையும் லூர்து கையில் ஒப்படைத்துவிட்டு, அத்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று திரும்பி இறங்கியிருக்கிறாள். போகாதே என்று கத்தியும் கேட்கவில்லையாம். அவள் வாசலுக்குப் போய்ச் சேர்ந்ததை லூர்து மேலே இருந்து பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு அங்கே வாசலும் இல்லை, வீடும் இல்லை. பெருமாள் அந்த நேரம் தேயிலை ஆலையில் இருந்ததால் தப்பினார்.

இதைக் கேட்ட பிறகும் அந்தப் பழைய நடுக்கம் என்னை விடவில்லை. இப்படிப் பேசாதே லூர்து, இருக்கிறதும் போய்விடும் என்றேன்.

"போறது போகட்டும்," என்றாள். "நான் தோத்திரம் சொல்லாம இல்லக்கா. தப்பிச்சதுக்குச் சொல்ல எனக்கு வாய் வரல. பாக்கியம் அக்கான்னு ஒருத்தங்கள எங்களுக்குக் குடுத்தாரே, அதுக்குத்தான் சொல்றேன். இப்ப அது ஒண்ணுதான் வருது."

பிறகு, தேவி தன்னிடம்தான் இருக்கிறாள் என்றும், இனி தன்னிடமேதான் இருப்பாள் என்றும் சொன்னாள். கடையில் யாரோ அவசரப்படுத்த, வைத்துவிட்டாள்.

நான் தொலைபேசியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். தங்கச்சி என்னைவிட ஆறு வயது இளையவள். அவளும் அதே ஆபீஸ் முற்றத்தில் நின்றவள்தான், அதே அம்மாவிடம் செபம் படித்தவள்தான். எந்த இடத்தில் அவளுக்குப் பயம் கழன்று விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

7

இரண்டு வருடம் கழித்து, ஆகஸ்ட் விடுமுறையில் ரோசியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். கட்டுநாயக்கவில் அதிகாரி அவளிடம் சிங்களத்தில் கேட்க, அவள் என்னைப் பார்த்தாள். தமிழில் கேட்டுப் பார்த்தார்கள், அதற்கும் என்னையே பார்த்தாள். எந்த நாட்டுப் பிள்ளை இது என்று அந்த மனுசர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேல் லயம் அப்படியே இருந்தது. கீழ் லயம் இருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. லூர்து சோறு போட்டபோது ரோசி, "நன்றி சித்தி," என்றாள். தண்ணீர் கொடுத்தபோதும் நன்றி, பாய் விரித்தபோதும் நன்றி. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாம் நாளே தோட்டம் முழுக்க அவளுக்கு 'நன்றியக்கா' என்று பெயராகிவிட்டது. அவள் கோபிக்கவில்லை. தேவியும் அவளும் ஒரே வயது. ஒருத்திக்குத் தமிழ் அரைகுறை, இன்னொருத்திக்கு இத்தாலியன் சுத்தமாகத் தெரியாது. எப்படியோ நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

லூர்து வீட்டில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மாரியம்மன் படமும் விபூதித் தட்டும் இருந்தன. தேவிக்காக வைத்தவை. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிடலாமே என்று உபதேசியார் கேட்டாராம். அவளுடைய அம்மா இருந்திருந்தால் செவ்வாய்க்கிழமை எங்கே கூட்டிப்போவாரோ அங்கேதான் நானும் கூட்டிப்போகிறேன் என்று லூர்து சொல்லிவிட்டாள். உபதேசியாருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனாலும் வற்புறுத்தவில்லை.

பெருமாள் அண்ணனுக்கு மேல் லயத்திலேயே கடைசிக் காம்பரா கொடுத்திருந்தார்கள். சாப்பாடு லூர்து வீட்டில். அவர் முன்பும் அதிகம் பேசாதவர், இப்போது இன்னும் பேசாதவராகிவிட்டார். அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று விமானத்தில் ஏறியதிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சட்டையும் டோர்ச் லைட்டும் வாங்கி வந்திருந்தேன். போய் அவர் முன்னால் நின்றேன். உங்கள் சம்சாரம் செய்த உதவியை எங்கள் உயிருள்ளவரை மறக்கமாட்டோம் என்று தொடங்கினேன். எனக்குத் தெரியாமலே என் முதுகு வளைந்திருக்க வேண்டும். அவர் சங்கடப்பட்டு எழுந்துவிட்டார்.

"உக்காரு தங்கச்சி," என்றார். "நமக்குள்ள என்னத்துக்கு இதெல்லாம். அவளப் பத்தி எதாச்சும் பேசு. நான் கலங்கிருவேன்னு இங்க யாரும் அவ பேரையே எடுக்கிறதில்ல."

நான் உட்கார்ந்தேன். கிறிஸ்மஸ் பூசைக்குப் பாக்கியம் வருகிற கதையைச் சொன்னேன். வருடா வருடம் வருவாள், சாமியார் பிரசங்கத்தைத் தொடங்கியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிப் போவாள், கேக் பெட்டியைத் திறக்கிற சத்தத்துக்கு மட்டும் சரியாகக் கண் திறப்பாள். பெருமாள் அண்ணன் சிரித்தார். கலியாணமான புதிதில் தான் சம்பளத்தில் வாங்கிய புதுச்சட்டையையே அவள் வெட்டிப் பிள்ளைக் காம்பராப் பிள்ளைகளுக்குத் தொட்டில் துணி ஆக்கிவிட்ட கதையை அவர் சொன்னார். அதற்காக ஒரு வாரம் சண்டை போட்டார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னவர் நடுவில் அழுதார். நானும் அழுதேன். அப்படியே இருட்டும்வரை பேசினோம்.

அன்று நான் நன்றி என்ற சொல்லை மறுபடி எடுக்கவில்லை. ஆனால் எழுந்து வரும்போது நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிவிட்டதுபோல் இருந்தது. என் வாழ்நாளில் பயமில்லாமல் நன்றி சொன்னது அன்றைக்கு ஒருநாள்தான் என்று நினைக்கிறேன்.

8

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. திரும்பி வந்த அடுத்த வாரமே அடுப்படியில் பழையபடி முணுமுணுக்கத் தொடங்கிவிட்டேன்.

பயப்படக் காரணமும் இருக்கிறது. மேல் லயத்துக்கு மேலே இருக்கிற மலையில் போன வருடம் வெடிப்புக் கண்டிருக்கிறது. அதிகாரிகள் வந்து பார்த்து, இங்கே குடியிருப்பது ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கே போய்க் குடியிருப்பது என்று சொல்லவில்லை. காணி தருவதாகப் பேச்சு நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. கொஞ்ச நாளைக்கு வேறு எங்காவது போய் இரேன் என்று லூர்திடம் கெஞ்சுகிறேன். எங்கேக்கா போறது என்கிறாள். மழை பலத்தால் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிடுவோம், பை கட்டித்தான் வைத்திருக்கிறோம் என்று என்னைச் சமாதானப்படுத்துகிறாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ரோசிக்கு ஒருவழியாகப் பதில் சொன்னேன். ஆபீஸ் முற்றத்தைப் பற்றி, அப்பாவின் கக்கத்துத் துண்டைப் பற்றி, பாக்கியத்தைப் பற்றி. கேட்டுவிட்டு எழுந்து தன் அறைக்குப் போனாள். என்ன நினைத்தாள் என்று தெரியாது. இனிப் பூசைக்கு வருவாளா என்பதும் தெரியாது. அதுவும் எனக்கு ஒரு பயம்தான்.

நேற்று சாயந்தரம் லூர்தைக் கூப்பிட்டேன். இப்போது அவள் கையிலும் தொலைபேசி இருக்கிறது. இங்கே நல்ல வெயில், பால்கனியில் உடுப்புக் காய்ந்துகொண்டிருந்தது. அங்கே இருட்டிவிட்டது. தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் அவள் பேசுவதே சரியாகக் கேட்கவில்லை. இன்னும் இறங்கவில்லையா என்று நான் கத்தினேன். ஓடையைப் பார்க்கப் பெருமாள் அண்ணன் போயிருக்கிறார், தண்ணீர் கலங்கவில்லை என்றால் இருப்போம், கலங்கினால் போவோம் என்றாள். ரோசி வந்து என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி, ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுத் தேவியைக் கேட்டாள். தேவி வந்தாள். இருவரும் ஏதோ பேசினார்கள். பெருமாள் அண்ணன் திரும்பி வந்துவிட்டார் என்றும், தண்ணீர் தெளிவாகத்தான் ஓடுகிறதாம் என்றும் தேவி சொன்னாள்.

"ரோசி, இரு," என்றாள் பிறகு. "சோறு போட்டாச்சு. தோத்திரம் சொல்லிட்டு வர்றேன்."

தொலைபேசியை எதன் மேலோ வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு லூர்தின் குரல். அடுப்படியில் நின்று பேசுகிற சாதாரணக் குரல்தான். சோற்றுக்கு நன்றி சொன்னாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து நனையாமல் வந்ததற்குச் சொன்னாள். பாக்கியம் அக்காவுக்காகச் சொன்னாள். நடுவில் மழை பலத்து வந்து பாதிச் சொற்களை அடித்துக்கொண்டு போனது. அவள் நிறுத்தவில்லை, அவசரப்படவும் இல்லை.

ரோசி தொடர்பைத் துண்டிக்கவில்லை. தொலைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஈரக்கையோடு அவள் பக்கத்தில் நின்றேன். வாய்க்குள் எதுவும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

ஆமென் என்று நாலைந்து குரல்கள் சேர்ந்து கேட்டன. மழை விடவில்லை. அவர்கள் சாப்பிடத் தொடங்கினார்கள்.